நாற்பத்தேழாவது கிணறு

ஜூலை 8, திங்கள்

மாவு புளித்துப் பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழிந்திருந்தது. துடைத்துவிட்டுக் கிளம்புவதற்குள் ஏழே முக்கால் பஸ் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. கண்டக்டர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "டீச்சரம்மா வரட்டும்" என்று நிறுத்தி வைத்திருந்தார். ஓலைப்பாறை உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் எனக்காக ஒரு பஸ் நிற்கிறது.

ராசிபுரத்திலிருந்து இங்கே வர இரண்டு பஸ். ஒன்று புளியமரத்து வளைவு வழியாக இருபது நிமிடத்தில் வந்துவிடும். நான் ஏறுவது சுற்றிக்கொண்டு வருகிற பஸ், நாற்பது நிமிடம். உட்கார இடம் கிடைக்கும் என்பதால் இதில் வருகிறேன்.

தலைமையாசிரியர் திருமலைச்சாமி சார் கூப்பிட்டனுப்பினார். மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி ஒரு டிஜிட்டல் வரைபடம் தயாரிக்க வேண்டுமாம். எதை வேண்டுமானாலும் குறிக்கலாம். புவியியல் நடத்துகிறவர் பொறுப்பு.

"கணக்கு சார் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரர். அவர் செஞ்சா நல்லா இருக்கும் சார்" என்றேன்.

"சமூக அறிவியல்னு தெளிவா போட்டிருக்குங்க டீச்சர். அவரு ஒத்தாசைக்கு வருவாரு. உங்க போன்லயே மேப் இருக்குமே, அதுல ஆரம்பிங்க."

"என் போன்ல மேப் இல்லைங்க சார்."

"ஜாக்ரஃபி டீச்சர் போன்ல மேப் இல்லையா!" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

மேப் செயலியை மறுபடி இறக்கினேன். திறக்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூலை 12, வெள்ளி

ஆய்வகத்தில் முதல் வகுப்பு. இருபத்து மூன்று பிள்ளைகள், ஒன்பது கம்ப்யூட்டர். கணக்கு சார் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் போட்டு, இந்தியாவிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். தமிழ்நாடு, மாவட்டம், ஏரி, ரோடு. கடைசியில் ஒரு சிவப்பு ஓட்டுக் கூரை. "டேய், நம்ம ஸ்கூல்டா!" என்று கவியரசு கத்தினான். ஒல்லியான பையன், எதற்கும் கை தூக்குகிறவன். மைதானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அது மாடா ஆளா என்று பத்து நிமிடம் சண்டை. இருபத்தைந்து வருடம் முன்னால் எனக்கு இப்படி ஒருவர் காட்டியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ! பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே உற்சாகம் வந்துவிட்டது.

மோகனப்பிரியா என்று ஒரு பெண். கடைசி பெஞ்ச், ரெட்டைப் பின்னல். அவள் மட்டும் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அவள் வீட்டைக் காட்டச் சொன்னேன். "அப்புறம் காட்டறேங்க டீச்சர்" என்றாள்.

கடைசியில் யாரோ வழி காட்டுகிற பொத்தானை அமுக்கிவிட்டார்கள். அந்தப் பெண் குரல், "நூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்றது. வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

எதைக் குறிப்பது என்று பேசினோம். கோயில், கடை, பஸ் ஸ்டாப் என்று நான் கரும்பலகையில் எழுதினேன். கவியரசு எழுந்தான்.

"டீச்சர், கோயில் எங்க இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. மொட்டைக் கிணறுங்களைப் போடலாமுங்க."

"எதுக்குப்பா?"

"போன மாசம் எங்க கன்னுக்குட்டி விழுந்து செத்துப் போச்சுங்க. ரோட்டு ஓரத்துலயே கைப்பிடிச் சுவரே இல்லாம கிணறு கிடக்குதுங்க. புல்லு மண்டிட்டா தெரியவே தெரியாதுங்க. எங்கெங்க இருக்குதுன்னு ஒரு படத்துல போட்டா, ஊராட்சில காட்டிச் சுவர் வைக்கச் சொல்லலாமுங்க."

வகுப்பு முழுக்க "ஆமாங்க டீச்சர்" என்றது. ஆளாளுக்கு ஒரு கிணறு, ஒரு ஆடு, ஒரு சைக்கிள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மோகனப்பிரியா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ஜூலை 20, சனி

முதல் நாள் வேலை. ஆடிக் காற்று புழுதியை வாரி வீசியது. ஐந்து குழு, குழுவுக்கு ஒரு பெற்றோர், ஒரு போன். என் விதி ஒன்றே ஒன்று: கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு அடி வைத்தாலும் அந்தக் குழு வீட்டுக்கு. நாலு முறை சொல்ல வைத்தேன். "டீச்சர், பத்தடின்னு எங்களுக்குத் தூக்கத்துலயே வருமுங்க" என்றான் கவியரசு.

பத்தடியில் நின்று போனில் இடத்தைப் பதிய வேண்டும். பிறகு படிவம்: சுவர் உண்டா, படி உண்டா, ரோட்டிலிருந்து எத்தனை அடி, யாருடையது. ஒரே நாளில் பதினோரு கிணறு. சுவர் இல்லாதவை சிவப்புப் புள்ளி, இருப்பவை பச்சை. ஒன்பது சிவப்பு.

ஒரு தோட்டத்து அம்மா எங்கள் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். கொத்தமல்லி கிள்ளிப்போட்ட மோர். செருப்பெல்லாம் முள். ராத்திரி ஊசியால் எடுத்துக்கொண்டே அந்த மோரை நினைத்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பிள்ளைகளுக்கு லீவு விட்டேன். தலைக்குக் குளித்து, புளிச்சோறு கிண்டினேன். ஒருத்திக்கு எவ்வளவு புளி என்று இன்னும் கை பழகவில்லை. மிச்சத்தைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் பதிலுக்குப் பாயசம் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

போன சனிக்கிழமையோடு நாற்பத்தாறு கிணறு. பெரிய திரையில் எல்லாப் புள்ளியையும் போட்டோம். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கவியரசு மட்டும் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று விரலை வைத்தான்.

"டீச்சர், இங்க ஓட்டையாட்டம் இருக்குதுங்க. இந்தப் பக்கம் யாரும் போகலீங்களா?"

ஊரின் வடமேற்கு. புளியமரத்து வளைவு. எந்தக் குழுவுக்கு எந்தப் பகுதி என்று பிரித்துக் கொடுத்தது நான்தான். ஐந்து குழு, ஐந்து பகுதி. ஆறாவது பகுதி ஒன்று இருந்தது.

"விட்டுப்போச்சு போலிருக்குது" என்றேன்.

கணக்கு சார் படத்தைப் பெரிதாக்கினார். ரோட்டை ஒட்டிக் கறுப்பாக ஒரு சதுரம். "கிணறுங்க டீச்சர்! ரோட்டுக்கு ஒட்டி!" என்று இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள். "இந்த சனிக்கிழமை நாங்க போறோமுங்க."

மணி அடித்தது நல்லதாகப் போயிற்று.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை. வீட்டைக் கழுவினேன், அலமாரியைத் துடைத்தேன். அவருடைய சட்டைகளை மட்டும் எடுக்காமல் சுற்றித் துடைத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோகனப்பிரியா தனியாக வந்தாள். கையில் ஒரு படிவம். ஏற்கெனவே நிரப்பியிருந்தது.

"நீங்க அங்க போக வேண்டாமுங்க டீச்சர். நானே எழுதிட்டேன். எங்க வீடு அங்கதானுங்க."

வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. கிணறு எண் 47. சுவர் இல்லை. படி உண்டு. ரோட்டிலிருந்து நான்கு அடி. கீழே 'விபத்து ஏதும் நடந்துள்ளதா' என்ற இடத்தில்: 'மூன்று வருடம் முன்பு, மழையில், பைக். விழுந்தவர் இருவர். பிழைத்தவர் ஒருவர்.' அதற்கு அடுத்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தாள். 'தூக்கியவர்: பாவாயி.'

"பாவாயி யாரு?" என்று கேட்டேன்.

"எங்கம்மாங்க."

சத்துணவுக் கூடத்தில் தட்டுக் கழுவுகிற சத்தம்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க வந்த மொத வாரமே தெரியுமுங்க. புது டீச்சர் பேரு அம்பிகான்னு வீட்டுல சொன்னேன். எப்படி இருப்பாங்கன்னு அம்மா கேட்டாங்க. நெத்தியில தழும்பு இருக்குதுன்னு சொன்னேன். அம்மா அன்னைக்குச் சோறு திங்கலீங்க. டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னாங்க. உங்களுக்கு எங்கம்மா மேல கோவமுங்களா டீச்சர்?"

"இல்லை கண்ணு" என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம், மிட்டாய், பேச்சுப் போட்டி. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

மாற்றல் கலந்தாய்வில் என் முன்னால் மூன்று ஊர் இருந்தன. ராசிபுரத்துக்கு இதைவிடப் பக்கத்தில் இரண்டு. நான் ஓலைப்பாறையைக் காட்டினேன். இங்கே மட்டும்தான் காலியிடம் என்று வீட்டுச் சொந்தக்காரர் முதல் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு, அக்டோபரில் ஒரு ஞாயிறு. காதுகுத்து வீட்டுக்குப் போகிற வழி. சாயங்காலம் ஆறே முக்கால், தூறல். அவர் வண்டி ஓட்டினார். அவர் பெயர் குணசேகரன், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். நான் பின்னால். பிறகு தண்ணீர். கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. நர்ஸ் சொன்னாள்: "யாரோ ஒரு அம்மா குதிச்சு உங்களைத் தூக்கினாங்களாம். நல்ல நேரம்." அவரைப் பற்றிக் கேட்டேன். நர்ஸ் போர்வையைச் சரிசெய்தாள். தீயணைப்பு வண்டிக்காரர்கள்தான் அவரை எடுத்தார்கள் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள்.

அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்தும் கேட்கவில்லை, ஒரு வருடம் கழித்தும் கேட்கவில்லை. என்னைத் தூக்கியவர் ஏன் முதலில் என்னைத் தூக்கினார் என்ற கேள்வி இருக்கும்போது எந்த முகத்தோடு போய் நன்றி சொல்வது?

எழுதிவிட்டேன். கோபம் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது பொய்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்றைய வேலையை அடுத்த சனிக்கு ஒத்திவைத்துவிட்டு, இன்றைக்கு மோகனப்பிரியாவின் வீட்டுக்குப் போனேன். இருபது நிமிடப் பஸ்ஸிலேயே போனேன். வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். கண்டக்டர் வேறு ஆள். தோளைத் தொடாமல், கம்பியைத் தட்டி, "ஸ்டாப்பிங் வந்துருச்சுங்கம்மா" என்றார்.

அட்டைக் கூரை வீடு, முன்னால் ஆட்டுப்பட்டி. பாவாயி ஆடுகளுக்கு வேப்பந்தழை கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். என்னைவிடக் குள்ளம். இந்தக் கையா என்னைத் தூக்கியது என்று கையையே பார்த்தேன். அவர் என்னைக் கண்டதும் தழையைக் கீழே போட்டுவிட்டார்.

"வாங்க டீச்சர்" என்றார். அப்புறம், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "ஒரு கைதானுங்க டீச்சர் ஆப்பட்டுச்சு. இருட்டுல யாரு கைன்னு தெரியலீங்க. வளையல் தட்டுப்பட்ட பொறகுதான் பொம்பளைன்னு தெரிஞ்சுது" என்றார்.

மூன்று வருடமாக நான் அவரிடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அவர் மூன்று வருடமாகப் பதில் வைத்திருக்கிறார். வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன். மோகனப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஆடுகளிடம் போய்விட்டாள்.

பாவாயி கீழே உட்கார்ந்து சொன்னார். தூறல் போட்டதால் ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். சத்தம் கேட்டிருக்கிறது. ஓடியிருக்கிறார். சின்ன வயதில் கிணற்றில் குதித்துப் பழகினவர். என்னைப் படியில் சேர்த்துவிட்டு மறுபடி முங்கியிருக்கிறார்.

"நாலு தடவை முங்கினேனுங்க. மூணு தடவை வெறுங்கையோட வந்தேன். நாலாவது தடவைதான் ஆப்பட்டாரு. நான்தான் படிக்குக் கொண்டாந்தேன். மடியில போட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தேன். தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் வெச்சுக்கிட்டே இருந்தேனுங்க."

"நீங்களா எடுத்தீங்க? அவரையும்?"

"ஆமாங்க."

எனக்கு இது தெரியாது. மூன்று வருடமாகத் தெரியாது. அவர் அந்தக் கறுப்புத் தண்ணீருக்கு அடியில் மணிக்கணக்காகத் தனியாகக் கிடந்தார் என்றே நினைத்திருந்தேன்.

"ஆனா லேட்டுங்க டீச்சர்" என்றார் பாவாயி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "சத்தம் கேட்டதும் நேரா ஓடியிருக்கணும். தாயாட்டைக் கல்லுல கட்டிப்போட்டுட்டு ஓடினேன். கட்டாம ஓடியிருந்தா ரெண்டு பேரையும் எடுத்திருப்பேன். அந்தத் தூரம் எனக்கு ஓட ஓடத் தீரவே இல்லீங்க. அன்னையில இருந்து நான் எந்தக் கிணத்துலயும் கால் வெக்கறதில்லை. பள்ளிக்கூட மீட்டிங்குக்கும் அதுக்குத்தான் வர்றதில்லை. நீங்க கேட்டா என்ன சொல்லுவேன்?"

போனை எடுத்தேன். மேப்பைத் திறந்தேன். பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் சொல்லித் தந்த அளவுகோல் ஒன்று அதில் இருக்கிறது. இந்தப் புள்ளி, அந்தப் புள்ளி, நடுவில் எத்தனை மீட்டர்.

"ஆட்டைக் கட்டின கல்லு எதுன்னு காட்டுங்கக்கா."

அவருக்குப் படம் பிடிபடவில்லை. முதலில் வீட்டைக் காட்டினேன், பட்டியைக் காட்டினேன், வேப்பமரம் பச்சையாகத் தெரிந்தது. "அட, எங்க வீடுங்களா இது!" என்றார் அழுகையோடு. அப்புறம் அவரே விரலால் தேடி, பாறை ஒன்றைத் தொட்டார். "இதுதானுங்க." நான் அங்கே ஒரு புள்ளி வைத்தேன். இன்னொரு புள்ளியைக் கிணற்றில் வைத்தேன். அந்தச் சதுரத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அப்போதுதான்.

"இருநூத்து எண்பது மீட்டர்" என்றேன்.

"அப்படின்னா?"

"நம்ம ஸ்கூல் கிரவுண்டை ஒரு சுத்து சுத்தி வர்றதைவிடக் கொஞ்சம் அதிகம். ஓட்டப்பந்தயத்துல ஓடற பையனுங்களுக்கே ஒரு நிமிஷத்துக்குப் பக்கமா ஆகும். நீங்க சேலையோட, உழுத சேத்துல, மழையில ஓடியிருக்கீங்க. யாராலயும் இதைவிடச் சீக்கிரம் வந்திருக்க முடியாதுக்கா. ஆட்டைக் கட்டினது ஒரு முடிச்சு. ஒரு மூச்சு விடற நேரம்."

"இவ்வளவுதானுங்களா?" என்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு மைலாட்டம் இருந்துதுங்க."

அவர் சொன்னபிறகு நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அன்றைக்குப் போன் என் கையில்தான் இருந்தது. முந்தானைக்குள் மழை படாமல் மறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். 'இடது' என்று நான்தான் சொன்னேன். அவர் திரும்பினார். படத்தைப் பெரிதாக்கி இன்றைக்குப் பார்த்தால் தெரிகிறது: ரோடு இடதுபுறம் திரும்புவது கிணற்றுக்கு முப்பது மீட்டர் அப்பால். கிணற்று ஓரமாகப் போவது வண்டித்தடம். நான் முப்பது மீட்டர் முன்னால் சொல்லிவிட்டேன்.

பாவாயி என் முழங்காலில் கை வைத்தார்.

"அந்த இடத்துல வெளியூர்க்காரங்க எல்லாரும் அங்கதான் திரும்புவாங்க டீச்சர். தெனம் வர்ற பால் வண்டிக்காரனே ஒருக்கா திரும்பி, முன் சக்கரம் தொங்கிப்போச்சு. உங்க மேல தப்பில்லை. புல்லு மூடிக் கெடந்தா யாருக்குக் கண்ணு தெரியும்?"

தேங்க்ஸ் என்றால் கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு சொல்வது போலிருக்கும். நன்றி என்றால் மேடைப் பேச்சு. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உசுரோட இருக்கேங்கக்கா" என்றேன். "தெனமும் இட்லிக்கு ஊத்தறேன், பஸ்ஸுல வர்றேன், பாடம் நடத்தறேன். எல்லாம் நீங்க கொடுத்தது."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவர் சுரைக்காய் போட்டுக் குழம்பு வைத்தார். நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

வகுப்பு முழுக்க வளைவுக்குப் போனோம். பிள்ளைகளுக்கு நானே சொன்னேன், சுருக்கமாக. எல்லோரும் பத்தடியில் நின்றார்கள். கவியரசு இருபது அடியில் நின்றான்.

புள்ளியை நான் வைத்தேன். போன் ஆடாமல் இருக்க மோகனப்பிரியா என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். பாவாயி ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டோடு நின்றார். கிணற்று விளிம்பில் காய்ந்த முள் கொஞ்சம் போட்டிருந்தார்கள். தண்ணீர் அமைதியாக இருந்தது. மேலே ஒரு மீன்கொத்தி.

செப்டம்பர் 14, சனி

கிராம சபையில் பிள்ளைகளைப் பேச விட வேண்டும் என்று தலைமையாசிரியர் ஊராட்சித் தலைவரிடம் நேரில் போய்க் கேட்டிருக்கிறார். மேப் இல்லாத ஜாக்ரஃபி டீச்சர் என்று சிரித்ததற்கு வருத்தப்படுவதாக என்னிடம் சொன்னார். அதை மறந்தே போயிருந்தேன். நல்ல மனிதர்.

கணக்குப் போட்டோம். நாற்பத்தேழில் முப்பத்தொன்று சிவப்பு. அதில் பதினான்கு, ரோட்டிலிருந்து இருபது அடிக்குள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஜலதோஷம். மோகனப்பிரியா பேச வேண்டியதைப் போனிலேயே ஒப்பித்தாள். ஏழு முறை. பின்னாலிருந்து பாவாயி, "பால் வண்டியை விட்டுட்டியே" என்று எடுத்துக்கொடுத்தார்.

அக்டோபர் 2, புதன்

கிராம சபை. சமுதாயக் கூடத்துச் சுவரில் வேட்டி கட்டித் திரை. நூற்றைம்பது பேர் இருக்கும். பாவாயி பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

படம் திரையில் வந்ததும் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. சொந்த ஊரை மேலேயிருந்து யாரும் பார்த்ததில்லை. அதன்மேல் முப்பத்தொரு சிவப்புப் புள்ளி. ஒரு பெரியவர், "இத்தனையா?" என்றார்.

மோகனப்பிரியா நடுங்காமல் பேசினாள். எந்த ரோட்டில் எத்தனை, பள்ளிக்கு வருகிற வழியில் எத்தனை என்று புள்ளி புள்ளியாகத் தொட்டுக் காட்டினாள்.

தலைவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். "கிணறெல்லாம் பட்டா நிலத்துல இருக்குது கண்ணு. ஊராட்சிப் பணத்துல நாங்க எப்படிச் சுவர் வைக்கிறது?"

கவியரசு கை தூக்கினான். "கிணறு அவங்களுதுங்க. ரோடு நம்மளுதுங்க. இருபது அடிக்குள்ள இருக்கிற பதினாலுக்கு மட்டும் ரோட்டோரமா தடுப்பு வெச்சாப் போதுமுங்க."

கூட்டத்தில் சலசலப்பு. அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். வயதானவர், தோளில் துண்டு. எனக்கு யாரென்று தெரியாது. தன் கிணற்று எண்ணைச் சொன்னார்.

"நாப்பத்தேழு என்னுதுங்க. மூணு வருசமா முள்ளு வெட்டிப் போட்டுட்டு இருக்கேன். அது பத்தாதுன்னு எனக்கே தெரியும். அந்தப் பக்கம் போறப்ப எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போறேன். எங்கிணத்துக்கு ஊராட்சிப் பணம் வேண்டாம். சுவர் நானே வெக்கறேன்."

என் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். நானும் எழுந்து கும்பிட்டேன். பெயர் தெரியாத அந்தக் கிணற்றுக்காரர்மேல் எனக்கு எத்தனை நாள் ஆத்திரம் இருந்தது! அவரைப் பார்த்ததும் எங்கே போயிற்றோ.

அதற்குப் பிறகு நாலு பேர் எழுந்து தங்கள் எண்ணைச் சொன்னார்கள். மீதிக்குத் தடுப்பு வைக்கத் தீர்மானம் போட்டார்கள். பிள்ளைகள் கூடத்துக்கு வெளியே ஓடிப்போய்க் குதித்தார்கள்.

நவம்பர் 9, சனி

நாற்பத்தேழாவது கிணற்றுச் சுவர் மூன்றரை அடிக்கு எழும்பிவிட்டது. இன்னும் பூச்சு வேலை பாக்கி. நான் இப்போது இருபது நிமிடப் பஸ்ஸில்தான் வருகிறேன். உட்கார இடம் கிடைப்பதில்லை. கால் வலிக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

அத்தையிடம் போனில் பேசினேன். குணசேகரனின் அம்மா, ஆத்தூரில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறார். விசேஷத்துக்கு விசேஷம் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. மகனைப் பற்றிப் பேச்சு வந்துவிடுமோ என்று இரண்டு பேருக்குமே பயம். இன்றைக்கு நான் சொன்னேன்: "அத்தை, அவரைத் தூக்கினவங்களைக் கண்டுபிடிச்சிட்டேன்." பெயர் என்ன என்று கேட்டார். பிறகு, "கூட்டிட்டு வா" என்றார்.

நவம்பர் 24, ஞாயிறு

பாவாயியைக் கூட்டிக்கொண்டு ஆத்தூர் போனேன். நல்ல சேலையாகக் கட்டியிருந்தார். பஸ்ஸில் வழியெல்லாம், "என்னத்தப் பேசறது டீச்சர்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "எதுவும் பேச வேண்டாங்கக்கா, சாப்பிட்டுட்டு வந்துரலாம்" என்றேன்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். மூன்று வருடத்தில் ரொம்பவும் இளைத்துவிட்டார். பாவாயி காலில் விழப் போனார். அத்தை தடுத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கையை அப்புறம் விடவே இல்லை. காப்பி வந்தது. ஆறியது. யாரும் குடிக்கவில்லை.

பாவாயி எல்லாவற்றையும் சொன்னார். நாலு தடவை முங்கியது, படியில் சேர்த்தது, மடியில் போட்டு வைத்திருந்தது. மழையில் நனையாமல் முகத்தைத் தன் முந்தானையால் மூடி வைத்திருந்ததைச் சொன்னார். இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. இந்த வீட்டுக்கென்று வைத்திருந்தார் போலிருக்கிறது.

அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரவில்லை. கடைசியில் பாவாயியின் உள்ளங்கையைத் திருப்பி, தழை அறுத்துக் காய்த்துப் போயிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ரொம்பப் பாரமா இருந்தானா, கண்ணு?"

பாவாயி தலையை ஆட்டினார். "இல்லீங்கம்மா. தண்ணிக்குள்ள யாருமே பாரமா இருக்க மாட்டாங்க. கொழந்தையாட்டம் வந்தாருங்க."

அப்போதுதான் அத்தை அழுதார். சத்தமாக, வாய்விட்டு. மூத்தவரின் மனைவி ஓடிவந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, அத்தையே இலை போட்டார். பாவாயியை நடுவில் உட்காரவைத்துப் பரிமாறினார்.